பெட்டிக்காரியின் பேஜ்

எங்கள் தொழிலுக்கு விளம்பரம் கூடாது என்று கரியமாணிக்கத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. செத்தவர்களை வைக்கும் ப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விடுகிறோம், நானும் என் வீட்டுக்காரர் அருள்முருகனும். பெட்டி இரண்டு, ஏற்றிப்போகக் குட்டி யானை வண்டி ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று. பதினோரு வருஷமாக இதுதான் எங்களுக்குச் சோறு. என் பெயர் விஜயகுமாரி. ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. பெட்டிக்காரி வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

மற்ற தொழில்காரர்களுக்கு இருக்கும் வசதி எதுவும் எங்களுக்குக் கிடையாது. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் வண்டியில் ஏறிவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள், வைத்த கையோடு, 'அந்த வண்டில வராதீங்க' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் நம்பரை யாரும் போனில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தால் வீட்டுக்கு ஆகாதாம். பக்கத்து வீட்டு செல்வகுமாரி, தினமும் என்னிடம் கறிவேப்பிலை வாங்கிப்போகிறவள், என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"தப்பா நெனைக்காதடி குமாரி. உன் நம்பரு எனக்கு மனப்பாடம். போன்லதான் வெக்க முடியாது."

மனப்பாடம் செய்தால் எமனுக்குத் தெரியாது, போனில் ஏற்றினால் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

இப்படிப்பட்ட தொழிலை வைத்துக்கொண்டு நான் ஏன் பேஸ்புக் பக்கம் போனேன் என்றால், கோபத்தில் போனேன். போன ஆடி மாசம் எங்கள் தெருவில் ஒரு சாவு. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. பிள்ளை சிங்கப்பூரில் இருந்தபடியே போனில் தேடிப் பார்த்து, முதலில் கண்ணில் பட்ட ஒரு டவுன் கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். அந்தப் பெட்டி வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. அதுவரை ஐஸ் கட்டி வாங்கி வந்து பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு அழுதார்கள். நாங்கள் கழுவித் துடைத்த பெட்டியை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். போய்க் கேட்கவும் வழியில்லை. எங்கள் தொழிலில் கூப்பிடாமல் போய் நின்றால் செருப்படிதான் கிடைக்கும். மறுநாளே வில்லியனூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வில்லியனூரில் ஷரீப் பாய் செல்போன் கடை வைத்திருக்கிறார். போன் ரிப்பேரோடு, கடைக்காரர்களுக்கு பேஸ்புக் பேஜ் போட்டுக் கொடுப்பதும் அவர்தான். பேக்கரி, ஜவுளிக்கடை, பைக் ஷோரூம் என்று எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தவர் எனக்கும் அரைமணி நேரத்தில் ஒன்று தயார் செய்துவிட்டார். ரோஜாப்பூ, நாலு பக்கமும் தங்கக் கலர் பார்டர், நடுவில் எங்கள் பெட்டி. கீழே கொட்டை எழுத்தில் 'மீண்டும் வருக'.

"இன்னா பாய் இது? யாரை மறுபடி வரச் சொல்றீங்க?" என்றேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பேக்கரிக்குப் போட்டதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாராம். அதை அழித்துவிட்டு, அடுத்த யோசனை சொன்னார். "வாடிக்கையா வர்றவங்கள அஞ்சு ஸ்டார் குடுக்கச் சொல்லுங்கக்கா. அப்பதான் பேஜ் மேல வரும்."

"படுத்திருந்தவரு குடுப்பாரா, தூக்கினு போனவங்க குடுப்பாங்களா?"

"சரி, தீபாவளிக்கு ஏதாச்சும் ஆஃபர்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்து என் பேஜுக்கு முதல் லைக்கைப் போட்டார். "எங்கள்ல அன்னைக்கே அடக்கம் பண்ணிடுவோம்க்கா. உங்க பெட்டிக்கு எங்க வூட்டுல வேலையே இல்ல. அதனால பயம் இல்லாம லைக் போடலாம்" என்றார். மனுஷர் சொன்னது உண்மைதான். மூன்று மாசம் அந்தப் பேஜில் லைக் போட்டவர்கள் அவரும் அவருடைய மச்சான்மாரும் மட்டும்தான்.

ரோஜாப்பூவை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, எழுத வேண்டியதை நானே எழுதினேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் கூடவே வரும், அதற்குத் தனி வாடகை கிடையாது. ஜெனரேட்டரும் நின்றுபோனாலும் மூடி திறக்காமல் இருந்தால் ஆறு மணி நேரம் குளிர் தாங்கும். சுத்துக்கேணியிலிருந்து பனித்திட்டு வரை எந்த ஊருக்கும் ஒரே வாடகை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முகம் பார்க்க வேண்டும் என்றால் போனில் காட்டுவோம். இவ்வளவுதான் எழுதினேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தரகர்கள் வாயில் விழுந்து வாடகை இரண்டு மடங்காகும் சங்கதி எல்லோருக்கும் தெரியும். அதனால் வாடகை எவ்வளவு என்பதையும் பச்சையாகப் போட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இதில் இஷ்டமில்லை. "நமக்கு எதுக்கு குமாரி இதெல்லாம்? ஊர் வாய்ல வுழணுமா?" என்றார்.

"பதினோரு வருசமா ஊர் வாய்லதான் கெடக்கோம். இப்ப பல்லு படாம இருக்கப் பாக்குறேன்" என்றேன்.

பேஜால் பலன் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பாகூரில் ஓர் அம்மாள் இறந்துபோனபோது, பாரிஸில் இருக்கும் மகள் அந்தப் பேஜைப் பார்த்துத்தான் எனக்குப் போன் செய்தாள். அவள் வர இரண்டு நாள். பெட்டியின் தலைமாட்டில் ஒரு போனை நிறுத்தி வைத்து, அவள் விமானம் ஏறும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி செய்தேன். வந்து இறங்கியவள் பெட்டியிடம் போவதற்கு முன்னால் என்னைத்தான் கட்டிக்கொண்டாள். இந்தத் தொழிலில் என்னை ஒருவர் தொட்டது அன்றைக்குத்தான். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

பேஜோடு வாட்ஸப் ஸ்டேட்டஸும் போடச் சொன்னார் ஷரீப் பாய். எங்கள் ஊர் குரூப்பில் இருந்த இருநூற்றுச் சொச்சம் நம்பரையும் என் போனில் பெயரோடு ஏற்றித் தந்தார். "ஆனா ஒண்ணுக்கா. அவங்க போன்லயும் உங்க நம்பர சேவ் பண்ணியிருந்தாத்தான் உங்க ஸ்டேட்டஸ் அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

"அப்ப ஒருத்தனுக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் ஸ்டேட்டஸ், ஒரு பெட்டிக்குப் புது மோட்டார் மாற்றிய படம். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் தொண்ணூற்று நாலு பேர் பார்த்திருந்தார்கள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வினை என் கையாலேயே வந்தது. எங்கள் ஊரில் கரும்பும் நெல்லும் போடும் பெரிய குடும்பம் சிவப்பிரகாசம் ஐயாவுடையது. எழுபத்தெட்டு வயது. எங்கள் வண்டியை எந்தத் தெருவிலும் நிறுத்தக் கூடாது என்று ஊர் தகராறு செய்த காலத்தில், தன் களத்து ஓரத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னவர் அவர். அவருக்கு நெஞ்சு வலி வந்து புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவர் மகன் தங்கவேல், அப்பா மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் படத்தை பேஸ்புக்கில் போட்டு, எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஹார்ட் போட்டு, 'ஐயா நல்லபடியாக வீட்டுக்கு வர வேண்டும்' என்று எழுதி அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

என் போனில் என் சொந்தக் கணக்கும் இருந்தது, தொழில் பேஜும் இருந்தது. நான் பேஜில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன். தங்கவேல் அண்ணன் போனில் அது எப்படிப் போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாலை போட்ட கண்ணாடிப் பெட்டியின் படம். பக்கத்தில் 'அருள்முருகன் ப்ரீசர் பாக்ஸ், 24 மணி நேர சேவை'. அதற்குக் கீழே ஒரு ஹார்ட்டு, ஐயா வீட்டுக்கு வர வேண்டும் என்று வேண்டுதல். நான் பருப்பை இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் அது ஊர் குரூப்புக்கே வந்துவிட்டது. அழிப்பதற்குள் எல்லோரும் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. தர்மகர்த்தா அரிகரன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கவேல் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். கண் சிவந்து கிடந்தது, சட்டை கசங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"எங்கப்பா இன்னும் மூச்சு வுட்டுனு கீறாரு. அதுக்குள்ள பெட்டிக்காரிக்கு அவசரம்."

நான் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணே, தப்பு என்னுது. ஐயா நல்லாருக்கணும்னு நெனச்சுதான் எழுதினேன். எம் பேர்ல எழுத வேண்டியத பேஜ்ல எழுதிட்டேன். எத்தினி தடவ வேணாலும் மன்னிப்பு கேக்குறேன்."

அதோடு முடிந்திருந்தால் நல்லது. அவர் அடுக்கினார். அந்தப் பேஜ் இன்றைக்கே போக வேண்டும். ஊர் முகப்புச் சுவரில் நாங்கள் எழுதி வைத்திருக்கும் போன் நம்பரை அழிக்க வேண்டும். வண்டி அவர்கள் களத்திலிருந்து போக வேண்டும், ஊர் எல்லைக்குள் எங்கேயும் நிற்கக் கூடாது. வண்டி எல்லைக்கு வெளியே போனால் தொழிலும் போனதுதான். சாவு விழுந்த வீட்டுக்கு அரைமணி நேரத்தில் போய் நிற்பதுதான் எங்கள் பிழைப்பு. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சரி என்று தலையாட்டிவிடுவார் என்று எனக்குப் புரிந்தது.

"மன்னிப்பு கேட்டேன். மத்ததுக்கெல்லாம் முடியாதுண்ணே" என்றேன்.

"முடியாதுன்னா? இந்த ஊர்ல எவன் போன்லயாச்சும் உன் நம்பரு கீதா? எவனாச்சும் உன் பேஜுக்கு ஒரு லைக்கு போட்டானா? வோணான்னுதான ஒதுங்கி நிக்கிறாங்க. இன்னாத்துக்கு எங்க மூஞ்சில கொண்டாந்து காட்டுற? ஊருக்கு நீ தேவையே இல்ல."

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. முன்வரிசையில் செல்வகுமாரி தலையும் ஆடியது. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தேன்.

"நேத்து ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன். ஸ்டெபிலைசர் மாத்துன படம். இத பாக்கணும்னா எந் நம்பரு உங்க போன்ல பதிவாயிருக்கணும். இல்லாதவங்களுக்கு வராது. சந்தேகம்னா உங்க புள்ளைங்களையே கேளுங்க. நூத்திமூணு பேர் பாத்திருக்கீங்க. படிக்கட்டுமா?"

நான் படித்தேன். "செல்வகுமாரி, ராத்திரி ஏழு நாப்பது." செல்வகுமாரி புடவைத் தலைப்பைச் சரி செய்ய ஆரம்பித்தாள். "தர்மகர்த்தா அரிகரன், எட்டு அஞ்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் கோயில் கோபுரத்தைப் பார்த்தார், ஒருவர் காலைச் சொறிந்துகொண்டார். பதினைந்து பெயர் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"தங்கவேல். இன்னைக்குக் காலைல ஆறேகால்."

"பொய்" என்றார் தங்கவேல் அண்ணன். "உன் நம்பர நான் இன்னாத்துக்கு வெக்கிறேன்?"

நான் அவர் நம்பருக்கு அடித்தேன். அவர் சட்டைப் பையில் போன் கத்தியது. அவர் அதை எடுத்து அணைப்பதற்குள், பக்கத்தில் இருந்த அரிகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டார். மனுஷருக்கு எதையும் சத்தமாகப் படிக்கும் பழக்கம்.

"தேங்கா மண்டின்னு வருதேப்பா" என்றார்.

பின்னால் ஒருவர் சிரித்தார். அப்புறம் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷம் நான் ஒவ்வொரு வீட்டுப் போனிலும் பால்காரம்மாவாகவும் கேஸ் கம்பெனியாகவும் இருந்திருப்பேன் போலிருக்கிறது, வாசலில் மட்டும் ஆகாதவளாக நின்றிருக்கிறேன்.

"வேற யாருக்கு அடிக்கட்டும்?" என்று கேட்டேன். பாதிப் பேர் கை அவரவர் பையில் போனது, போனை அமுக்க.

"நான் ஊருக்குத் தேவையில்லைன்னா ஒண்ணு பண்ணுங்க" என்றேன். "அந்த நூத்திமூணு பேரும் இப்பவே, இந்த அம்மன் வாசல்ல வெச்சு, எந் நம்பர அழிங்க. தேங்கா மண்டியோ பால்காரம்மாவோ, எந்தப் பேர்ல இருந்தாலும் அழிங்க. நான் என் பேஜை அழிக்கிறேன். சொவத்துல இருக்கறதயும் நானே சுண்ணாம்பு அடிக்கிறேன். தங்கவேல் அண்ணே, நீங்களே ஆரம்பிங்க."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேகமாகத்தான் பூட்டைத் திறந்தார். என் நம்பர் வரைக்கும் போனார். அழிக்கட்டுமா என்று போன் கேட்டிருக்கும். கட்டை விரல் அதற்கு மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. ஊர் மொத்தமும் அந்த விரலையே பார்த்தது. நான் அவரைத் தோற்கடிக்கத்தான் கேட்டேன். அந்த விரலைப் பார்த்ததும் போதும் என்று சொல்லிவிடத் தோன்றியது. ஆனாலும் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அதே இடத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அரிகரன் தொண்டையைச் செருமினார். "சரி, வுடுங்கப்பா. அந்தப் பொண்ணு மன்னிப்பு கேட்டுடுச்சு. வண்டி இருந்த எடத்துலயே இருக்கட்டும். போயி அவங்கவங்க வேலயப் பாருங்க" என்றார். நாற்காலியை எடுத்துக்கொண்டு முதலில் போனவரும் அவர்தான்.

"வண்டி மட்டும் இல்லீங்க. பேஜும் இருக்கும், சொவத்துல நம்பரும் இருக்கும்" என்று அவர் முதுகுக்குச் சொன்னேன். அவர் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினார்.

கூட்டம் கலைந்தது. செல்வகுமாரி என்னைத் தாண்டிப் போகும்போது, "ஏதோ அவசரத்துக்குன்னு வெச்சிருந்தேன்டி" என்று முணுமுணுத்தாள். "வெச்சிக்கோ, ஆனா எம் பேர்ல வெச்சிக்கோ" என்றேன். என் வீட்டுக்காரர் பைக்கை எடுக்கப் போனார். அவர் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது.

நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். தங்கவேல் அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்தார். மறுபடி சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வூட்டுக்கு இட்டுனு போவச் சொல்ட்டாங்க" என்றார். "டாக்டரு கைய விரிச்சுட்டாரு. நேத்தே சொல்லிட்டாரு. யார்ட்டயும் சொல்லல."

களத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்ன மனுஷர். என் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

"தங்கச்சி பாரிஸ்ல கீது. வர ரெண்டு நாளு ஆவும்" என்றவர், குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்: "கரண்டு போனா அது எத்தினி மணி நேரம் தாங்கும்?"

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷமாக அப்படித்தான், யார் காதிலும் விழாமல், சுவரோரமாக, தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் பேஜ்ல எழுதிருக்கேண்ணே. தெறந்து படிங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. போனை எடுத்து, வெயில் படாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். என் வீட்டுக்காரர் பைக்கோடு வந்து ஹாரன் அடித்தார். அவரைக் கையால் அமர்த்திவிட்டு, தங்கவேல் அண்ணன் படித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.